உண்ணிச்செடி யானையும் சூரிய மின்வேலியும்

உண்ணிச்செடியைக் கொண்டு யானை செய்கிறார்கள் என்றால் தேன்கனிக்கோட்டைக் குடியானவர்கள் நகைக்கக்கூடும். கேழ்வரகு முற்றும் தறுவாயில் பன்னர்கட்டாக் காட்டிலிருந்து இறங்கிவரும் மெய்யான யானைகள் போதாவா என்பார்கள். கேள்வி நியாயமானதே. எனினும் அந்தச் சிற்பங்களின் வரலாற்றை நம் கூட்டுறவு அன்பர்கள் அறிந்துகொள்ளுதல் வேண்டும் என்று கருதுகிறோம்; அது நம் வயல் வரப்பு வரையில் வருகிறது.

நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடி மக்கள் இவற்றை உருவாக்குகின்றனர். உண்ணித் தண்டுகளை வெட்டிவந்து கொதிநீரில் வேகவைத்துப் பட்டையை உரிக்கின்றனர். வெந்த தண்டு பிரம்பைப்போல் வளைந்து கொடுக்கும். அதனை இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் நெருக்கமாகச் சுற்றி இறுக்க, உயிர் யானையின் அளவிலேயே ஒரு யானை எழுந்து நிற்கிறது. தம் ஊர்ப்புறத்தில் நாள்தோறும் காணும் யானைகளையே, இன்னது இன்னதென்று அடையாளம் கண்டு வடிக்கிறார்கள். 2021இல் இவை லண்டன் பூங்காக்களிலும், 2024இல் நியூயார்க் நகர வீதிகளிலும் அணிவகுத்தன. நமக்கு அண்டையிலுள்ள பெங்களூர் லால்பாக்கிலும் அதே ஆண்டில் உண்ணி யானைகள் நின்றன. நெசவாளர்க்கு ஒன்று சொல்வோம்: ஊடும் பாவுமாக இழை சேர்க்கும் கைக்கு இவ்வேலை அந்நியமன்று.

விலங்கை எதிர்கொண்ட மனிதனைச் சிற்பமாக்கும் வழக்கமும் நம் சீமைக்குப் புதிதன்று. புலியொடு பொருது பட்ட வீரர்க்கு எடுத்த நடுகற்களைக் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் காணலாம். அன்று கல், இன்று களை, அவ்வளவே.

களை என்றது வேண்டுமென்றேதான். அமெரிக்க வெப்ப நாடுகளுக்குரிய இச்செடியை, பூவழகுக்காக வெள்ளையர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர். மாடு தின்றால் நோயுறும், யானையும் தீண்டாது. அது புதராய் மண்டிய இடத்தில் புல் முளைப்பதில்லை. 2014இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காவிரி வடக்குக் காடுகளிலும் இத்தொல்லை உண்டு. காட்டில் புல் குன்றினால் யானை நம் கேழ்வரகை நாடுவதில் வியப்பென்ன?

வயலைக் காக்கச் சூரிய மின்வேலி போடுகிறோம். அதன் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிப்பாகப் பாயும். அதிர்ச்சி தரும், கொல்லாது. ஆனால் உண்ணிக்கொடி கம்பியைத் தொட்டுப் படர்ந்தால் மின்சாரம் மண்ணில் கசிந்து, வேலி வெறுங்கம்பியாகிவிடும். யானை அதை உணர்ந்துகொள்ள நெடுநாள் ஆவதில்லை. வேலி அரசுடையதா, ஊராருடையதா, நிலத்துக்காரருடையதா என்று வழக்காடிக்கொண்டிருக்கையில் செடி வளர்ந்துவிடுகிறது. பொறுமையிழந்த சிலர் மின்கம்பத்திலிருந்தே நேராகக் கம்பியிழுத்துவிடுகின்றனர். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அத்தகைய வேலியில் மூன்று பெண்யானைகள் மடிந்தன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. அவ்வேலியில் மனிதர் கை பட்டிருந்தாலும் அதே கதிதான்.

ஆகவே நாம் கூறுவது இது. வேலியும், வேலியோரத்து உண்ணியும் ஒரே கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் இருக்கட்டும். உண்ணியை அகற்றினால் வேலி உயிர்பெறும். நல்ல தண்டு சிற்பத்திற்காகும். சிம்பும் பட்டையும் கொதிகலனுக்கு விறகாகும். கம்பிச் சட்டத்தைப் பற்றவைக்க ஓசூர்ப் பட்டறைகளில் ஆளுக்கா பஞ்சம்? சிற்பம் விற்ற பணத்தில் ஒரு பங்கு வேலியின் மின்கலத்திற்கும் பழுதுபார்ப்பிற்கும் ஒதுக்கப்பட வேண்டும். வெட்டுவதிலும் முடைவதிலும் பெட்டமுகிலாளம் மலைப்புறத்து இருளர் மக்கள் கூலியாட்களாக அல்லாமல் பங்குதாரர்களாகவே சேர வேண்டும் என்பதில் நாம் உறுதியாயிருக்கிறோம். சரணாலய எல்லைக்குள் வனத்துறையின் அனுமதியின்றி ஒரு தண்டும் தொடலாகாது. வேரை விட்டு வெட்டினால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பொதுவுடைமையாக மின்சாரத்தை நடத்த நம்மவரால் ஆகுமா என்று ஐயுறுவோர் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறையைப் பார்க்கட்டும். அவ்வூராட்சி 2006இல், ஏறக்குறைய 1.55 கோடி ரூபாயில், 350 கிலோவாட் காற்றாலையைத் தன் பெயரிலேயே வாங்கிற்று. சேமிப்பு போக மீதியெல்லாம் வங்கிக் கடன். காற்று நன்கு வீசும் உடுமலைப் பக்கத்தில் ஆலை நிற்கிறது. அதன் மின்சாரத்தைக் கொண்டே கடன் அடைந்தது. ஒரு காற்றாலையைக் கட்டியாள முடிந்த நாட்டில் சில கல் தொலைவு வேலியைப் பேண முடியாதா?

பொம்மை விற்றுக் கேழ்வரகைக் காக்கவியலுமா என்று சிலர் கேட்கின்றனர். பொம்மை மட்டும் காக்காது. செடி அகற்றிய இடத்தில் முளைக்கும் புல்லும், அறாமல் ஓடும் மின்துடிப்புமே காக்கும். அவற்றிற்கான செலவைப் பொம்மை ஏற்கும். கொம்பால் கம்பத்தைச் சாய்க்கக் கற்ற யானைகளும் உண்டு என்பதை மறைக்கவில்லை. அந்த இடங்களில் இரவுக் காவல் தவிர்க்கவியலாதது.

அடுத்த பொதுக்குழுவில் இதனை விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். முதல் யானை உருவானால் அதனை விலைக்கு அனுப்பாமல், அஞ்செட்டிச் சாலையில் வேலி தொடங்கும் இடத்தில் நிறுத்தலாம் என்பது நமது விருப்பம்.