வாசலோடு முடிகிறதா பொறுப்பு?

அமெரிக்காவில் எந்தத் துப்பாக்கி சுடும் தளத்துக்குள் போனாலும் விதிகளுக்குப் பஞ்சமில்லை. காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே எண்ண வேண்டும். சுட நினைக்காத எதன் பக்கமும் குழலைத் திருப்பக் கூடாது. குறி பார்க்கும்வரை விசையில் விரல் படக் கூடாது. ஒருவர் தவறினால் பாதுகாப்பு அதிகாரி அந்த நொடியே சுடுவதை நிறுத்தச் சொல்வார். இந்த ஒழுங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே மனிதர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கார் நிற்கும் இடத்துக்கு வந்ததும் எல்லா விதிகளும் காற்றோடு போய்விடுகின்றன. பையைப் பின் சீட்டில் போடுகிறார். வழியில் ஓர் உணவகத்தில் நிறுத்திச் சாப்பிடுகிறார். வீடு வந்ததும், அலுப்பில் பையை வண்டியிலேயே விட்டுவிட்டுப் படுக்கப் போகிறார். விடிந்து பார்த்தால் கண்ணாடி உடைந்து கிடக்கிறது. துப்பாக்கி எவனோ ஒருவன் இடுப்புக்குப் போய்விட்டது.

இதைக் கெட்ட நேரம் என்று சொல்லிக் கடந்துபோவதை வன்மையாகக் கண்டிக்கிறோம். நடந்தது அலட்சியம். அந்த அலட்சியத்தைத் தெரிந்தே பொறுத்துக்கொண்டிருக்கும் சட்டமன்றங்கள் செய்வது அதைவிடப் பெரிய தவறு.

எவ்வளவு பெரிய அலட்சியம் என்பதற்கு அரசின் கணக்கே சாட்சி. அமெரிக்க மத்திய அரசின் துப்பாக்கி அமலாக்கத் துறையான ஏடிஎஃப் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2017 முதல் 2021 வரையிலான 5 ஆண்டுகளில் திருடுபோனதாகப் பதிவான துப்பாக்கிகள் 10 லட்சத்துக்கும் அதிகம். அவற்றில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவை தனி மனிதர்களிடமிருந்து போனவை. கடைகளும் கிடங்குகளும் இழந்தது சொற்பம். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகக் குரல்கொடுக்கும் எவ்ரிடவுன் அமைப்பு 337 நகரங்களின் போலீஸ் தரவுகளை ஆராய்ந்தது. 2022-இல் அந்த நகரங்களில் திருடுபோனவை ஏறத்தாழ 1,12,000. அதில் பாதிக்கும் மேல் வாகனங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு இது கால் பங்காகத்தான் இருந்தது. அதிலும் வீட்டு வாசலில் நின்ற வண்டிகளே திருடர்களின் முதல் இலக்கு. இத்தனையும் போலீசுக்குத் தெரிந்த கணக்கு மட்டுமே.

திருடர்களுக்கு நேரம் காலம் எல்லாம் அத்துப்படி. வங்கியிலிருந்து பணத்தோடு கிளம்புகிறவரைப் பின்தொடர்ந்து, அவர் அடுத்து நிற்கும் இடத்தில் பறிக்கும் முறைக்கு ஹூஸ்டனில் ‘ஜக்கிங்’ என்று பெயரே வந்துவிட்டது. பணத்தை எடுத்தபின் வழியில் எங்கும் நிற்காதீர்கள் என்று போலீசார் எச்சரித்துவருகிறார்கள். வங்கி வாசலில் நோட்டம் பார்க்கத் தெரிந்தவனுக்குச் சுடுதளத்தின் வாசல் எம்மாத்திரம்? பண உறையைச் சட்டைக்குள் மறைக்கலாம். நீளத் துப்பாக்கியின் பெட்டியை எங்கே மறைப்பது? போதாததற்கு, வண்டியின் பின்கண்ணாடியில் துப்பாக்கி நிறுவனத்தின் பெயர் பொறித்த ஸ்டிக்கர் வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்கே அறிவிக்கும் அந்த ஸ்டிக்கரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி விற்கும் சுடுதளங்களும் உண்டு. பாதுகாப்பு வகுப்பு நடத்தும் கையாலேயே திருடனுக்கு அடையாளமும் காட்டிக்கொடுக்கிறார்கள்.

“என்னிடம்தான் துப்பாக்கி இருக்கிறதே, எவன் கிட்டே வருவான்?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தளத்திலிருந்து திரும்பும் துப்பாக்கி பெரும்பாலும் தோட்டா நீக்கப்பட்டு, பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அப்படிக் கிடப்பதுதான் சரி. ஆனால் அந்த நிலையில் அது யாரையும் காப்பாற்றாது. உரிமையாளர்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். அவர் உணவகத்துக்குள் உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரத்தில் அந்தப் பைக்குக் காவல், ஒரே அடியில் நொறுங்கும் கண்ணாடி ஒன்றுதான்.

சட்டத்தின் ஓரவஞ்சனை இங்கேதான் பல்லைக் காட்டுகிறது. பல சுடுதளங்கள் துப்பாக்கி விற்பனையும் செய்கின்றன. அதற்கு மத்திய அரசின் உரிமம் வாங்கியிருக்கின்றன. அந்த உரிமம் உள்ளவரின் சரக்கிலிருந்து ஒரே ஒரு கைத்துப்பாக்கி காணாமல் போனாலும், தெரிய வந்த 48 மணி நேரத்துக்குள் ஏடிஎஃப்புக்கும் உள்ளூர் போலீசுக்கும் அவர் தகவல் சொல்லியாக வேண்டும். அதே கடையில் அதே துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவரிடமிருந்து அது வாசலிலேயே களவுபோனாலும், மத்திய சட்டப்படி அவர் யாரிடமும் மூச்சுவிட வேண்டியதில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கட்டாயமான கடமை, இந்தப் பக்கம் வந்தால் அவரவர் விருப்பம் என்றால், இதில் என்ன நியாயம் இருக்கிறது?

சொல்லாமல் விடுவதன் விலையை எங்கோ ஒரு தெருவில் இன்னொருவர் கொடுக்கிறார். குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் துப்பாக்கியின் வரிசை எண்ணை வைத்துக்கொண்டு தயாரித்த நிறுவனம், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று விசாரித்துவரும் ஏடிஎஃப்பின் தேடல், பொதுவாக முதலில் வாங்கியவரின் பெயரோடு நின்றுவிடுகிறது. “அது எப்போதோ திருடுபோய்விட்டது” என்று அவர் சொன்னால் விசாரணை முட்டுச்சந்தில் நிற்கும். உண்மையில் பறிகொடுத்த அப்பாவியும் இதையே சொல்வார். துப்பாக்கி வாங்கத் தடையுள்ளவனுக்காகத் தன் பெயரில் வாங்கிக்கொடுத்த கள்ளனும் இதையே சொல்வான். பினாமியாக வாங்குவதற்கு 15 ஆண்டுவரை சிறை என்று 2022-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தவர்கள், அந்தப் பினாமி தப்பிக்கும் இந்தப் பொந்தை அடைக்காமல் விட்டது ஏன்? திருட்டை உடனே பதிவு செய்வது கட்டாயமாகியிருந்தால் நல்லவர் யார், கள்ளன் யார் என்பது ஒரு நாளில் தெரிந்துவிடுமே.

உரிமைக்காக நீதிமன்றப் படியேற மட்டும் யாருக்கும் அலுப்பதில்லை. வீட்டில் துப்பாக்கி வைக்க உரிமம் பெற்றவர்கள் நகர எல்லைக்குள் இருக்கும் சுடுதளங்களுக்கு மட்டுமே அதைக் கொண்டுபோகலாம் என்று நியூயார்க் நகரம் விதி வைத்திருந்தது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. நகர நிர்வாகம் விதியைத் தளர்த்திய பிறகு, 2020 ஏப்ரலில்தான் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. கொண்டுபோகும் உரிமைக்கு இவ்வளவு ஆவேசம். பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரும் கடமைக்காக இதில் பாதி ஆவேசமாவது காட்டியதுண்டா?

செய்ய முடியாத காரியமும் இல்லை. சுடுதளத்துக்குப் போய்வரும் துப்பாக்கி தோட்டா இல்லாமல், மூடிக் கட்டிய உறையிலோ பூட்டிய டிக்கியிலோ இருக்க வேண்டும்; நியாயமான தேவைக்கு மேல் வழி மாறக் கூடாது என்று நியூஜெர்சி சட்டமே சொல்கிறது. திருட்டை 36 மணி நேரத்துக்குள் அங்கே தெரிவிக்க வேண்டும்; கனெக்டிகட்டில் 72 மணி நேரம். ஆளில்லாத வண்டியில் கைத்துப்பாக்கியை விட்டுச் சென்றால் கெட்டியான பூட்டிய பெட்டிக்குள், கண்ணில் படாமல் வைக்க வேண்டும் என்ற கொலராடோவின் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. திருட்டை 5 நாட்களுக்குள் சொல்லாவிட்டால் அங்கே முதல் தவறுக்கு அபராதம் 25 டாலர். இப்படிப்பட்ட சட்டங்களைத்தான் உரிமைப் பறிப்பு என்று துப்பாக்கி ஆதரவு அமைப்புகள் கொதிக்கின்றன!

டெக்சாஸ் மறுகோடியில் நிற்கிறது. உரிமம் இல்லாதவரும் காரில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள 2007-இல் வழிவிட்டது. 2021 செப்டம்பர் முதல் உரிமம் இல்லாமலே பொது இடத்தில் கைத்துப்பாக்கியோடு நடமாடவும் வழிவிட்டது. திருட்டைத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்க்க மட்டும் அதற்கு மனம் வரவில்லை. டென்னசி இன்னும் ஒரு படி மேலே போனது. வண்டியில் விட்டுச்செல்லும் துப்பாக்கியைப் பூட்டி வைப்பது உள்ளிட்ட கட்டுப்பாடுகளை மெம்பிஸ் நகர மக்கள் 2024 நவம்பர் வாக்கெடுப்பில் பெரும்பான்மையோடு ஆதரித்தார்கள். ஆனால் வாக்கெடுப்புக்கு முன்பே, நகரத்துக்கு வரவேண்டிய விற்பனை வரிப் பங்கை நிறுத்துவோம் என்று மாநில ஆட்சியாளர்கள் மிரட்டினார்கள். தன் தெருவைக் காக்கத் துடிக்கும் ஊரின் கையைக் கட்டிப்போடுவதற்குப் பெயர் சுதந்திரமா? வெட்கக்கேடு.

சட்டத்தைக் காப்பவர்களின் கையும் சுத்தமாக இல்லை. 2015 ஜூனில் சான்பிரான்சிஸ்கோவில் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக் காவலர் ஒருவர் நிறுத்திவிட்டுப் போன காரிலிருந்து அவருடைய பணித் துப்பாக்கி களவுபோனது. நான்கே நாட்களில், கடலோர நடைமேடையில் தந்தையோடு நின்றிருந்த ஓர் இளம்பெண் அதிலிருந்து கிளம்பிய தோட்டா பாய்ந்து இறந்தார். துப்பாக்கி அப்போது யார் கையில் இருந்தது, அவன் எப்படி அமெரிக்காவுக்குள் வந்தான் என்பதைத் தேர்தல் மேடைகள் ஆண்டுக்கணக்கில் முழங்கின. அது காரில் ஏன் விடப்பட்டது என்ற கேள்வி அந்த இரைச்சலில் அமுங்கிப்போனது. போலீசாரும் வண்டியில் விட்டுச்செல்லும் கைத்துப்பாக்கியைப் பூட்டி வைத்தாக வேண்டும் என்று பின்னர் கலிஃபோர்னியா சட்டம் செய்தது. கலிஃபோர்னியாவுக்குப் புரிந்தது வாஷிங்டனுக்கு ஏன் புரியவில்லை?

பறிகொடுத்தவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா என்று கேட்கிறார்கள். ஏற்ற வேண்டாம். கொள்ளையனிடம் சிக்கியவருக்கு நம் அனுதாபம் உண்டு. ஆனால் போனது பர்ஸாக இருந்தால் இழப்பு அவரோடு முடிந்துவிடும். துப்பாக்கி போனால் இழப்பு அப்போதுதான் தொடங்குகிறது. பறிபோனதைப் போலீசுக்குச் சொல்வது தண்டனை ஆகாது. அடுத்து அதன் முன்னால் நிற்கப்போகிறவருக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை அது. கொள்ளையன் சட்டத்தை மதிக்க மாட்டான் என்பது இவர்களின் இன்னொரு வாதம். இந்தச் சட்டங்கள் பேசுவது கொள்ளையனிடம் இல்லை; சட்டத்தை மதிப்பதாக மார்தட்டும் உரிமையாளரிடம்தான்.

டல்லஸிலும் ஹூஸ்டனிலும் குடியேறியிருக்கும் நம்மவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியைக் கையில் எடுப்பதே மத்திய சட்டப்படி குற்றம். வார இறுதி வேடிக்கை என்று நண்பர்களோடு கிளம்பும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கிரீன் கார்டோ குடியுரிமையோ பெற்றுத் துப்பாக்கி வாங்கியவர்களுக்கு, மேலே சொன்ன கண்டனத்தில் தனிச் சலுகை கிடையாது.

எனவே நாம் கேட்பது இவை. வியாபாரிக்கு விதித்த 48 மணி நேரக் கெடுவைத் தனி மனிதருக்கும் அமெரிக்க நாடாளுமன்றம் விதிக்கட்டும். ஆளில்லாத வண்டியில் பூட்டிய பெட்டி இல்லாமல் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று டெக்சாஸும் டென்னசியும் சட்டம் செய்யட்டும். செய்ய மனமில்லை என்றால், செய்ய முன்வரும் நகரங்களை மிரட்டாமலாவது இருக்கட்டும். மத்திய, மாநிலக் காவல் துறைகள் தங்கள் ஆட்களுக்கே முதலில் இதைக் கட்டாயமாக்கட்டும். சுடுதள உரிமையாளர்கள் வாகன நிறுத்தத்தில் நல்ல விளக்கும் கேமராவும் போடட்டும். அங்கே காரணமில்லாமல் காத்துக்கிடக்கும் வண்டியைக் கவனிக்க ஆள் வைக்கட்டும். முதல் நாள் பாதுகாப்பு வகுப்பில் வீடு திரும்பும் பயணத்தையும் பாடமாக்கட்டும். ஸ்டிக்கர் வியாபாரத்தை நிறுத்தட்டும்.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெட்டியைத் தளத்திலேயே டிக்கியில் வைத்துப் பூட்டுங்கள். போகும் இடத்தில் நாலு பேர் பார்க்க டிக்கியைத் திறக்காதீர்கள். சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் போகும்போதே முடியட்டும். திரும்பும் வழி நேராக வீட்டுக்கு. ஒரே வண்டி இரண்டு மூன்று திருப்பங்களிலும் பின்னால் வந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள். 911-ஐ அழைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்கோ ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கோ வண்டியைத் திருப்புங்கள். வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது அந்தப் பெட்டி. இரவில் அது வண்டியில் தங்கக் கூடாது. வரிசை எண்ணை எழுதி வையுங்கள். அது தெரியாவிட்டால், நாடு முழுவதும் போலீசார் தேடிப் பார்க்கும் எஃப்பிஐ-யின் திருட்டுத் துப்பாக்கிப் பட்டியலில் உங்கள் துப்பாக்கியைச் சேர்க்க வழியில்லை.

துப்பாக்கி வைத்திருப்பது உரிமை என்று வாதிடுகிறவர்களோடு இன்று நமக்கு வழக்கில்லை. அந்த உரிமையை ஒரு கார் கண்ணாடிக்குப் பின்னால் அனாதையாக விட்டுவிட்டு, அதனால் செத்தவருக்கு அனுதாபம் மட்டும் சொல்லும் பழக்கத்தோடுதான் வழக்கு. உரிமையாளர் இன்றே திருந்தலாம்; காசு செலவில்லை. சட்டமன்றங்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே திருத்தலாம். ஒரு பக்கச் சட்டம் போதும். இரண்டும் நடக்காவிட்டால், இனிமேல் திருடுபோகும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் திருடனோடு இவர்களும் பொறுப்பு.