பள்ளக்கால் நிலத்துக்குப் பாய்க்கோரை

கோரை என்றாலே விவசாயிக்குக் கசப்புதான். எத்தனை முறை கொத்தி எடுத்தாலும் மண்ணுக்குள் தங்கிய கிழங்கிலிருந்து மறுபடியும் தலைகாட்டும் களை அது. ஆனால் பாய் முடையும் கோரை வேறு. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும், பாய்க்கோரை ஆளுயரத்துக்கு நெட்டையாக வளர்வது; ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்பது; விலை பெறுவது. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இப்பயிரை ஒதுக்கிவிடுவது சரியல்ல.

காவிரிக் கரையில் முசிறி, தொட்டியம் வட்டாரங்களிலும், கரூர், நாமக்கல் மாவட்டங்களிலும் பாய்க்கோரை தனிப் பயிராகவே சாகுபடி செய்யப்படுகிறது. தாமிரபரணிக் கரையில் பத்தமடைப் பாயும், வடக்கே வந்தவாசிப் பாயும் பெயர் பெற்றவை. ஆகவே இது புதிய பயிர் அல்ல. எந்த நிலத்தில், யார் பயிரிடுவது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆற்றோரம், வாய்க்கால் கசிவு, ஏரிக்குக் கீழுள்ள பள்ளம் ஆகிய இடங்களில் தண்ணீர் எளிதில் வடியாது. தேங்கிய மண்ணில் காற்றோட்டம் இல்லாததால் வாழையும் உளுந்தும் அழுகிவிடும். நெல்கூட இளம் பருவத்தில் மூழ்கினால் தேறாது. கோரையின் தண்டிலோ காற்றுப் புழைகள் உண்டு. மேலிருந்து வேருக்குக் காற்று செல்வதால் அது சேற்றிலும் செழிக்கிறது. இப்படிப்பட்ட பள்ளத்தை வடிக்க ஆண்டுதோறும் செலவழிப்பதைவிட, அந்நிலம் ஏற்கும் பயிரை அதில் விடுவதே புத்திசாலித்தனம்.

சில பள்ளங்களில் மண் புளிப்பாகவும் இருக்கும். தண்ணீரின் மேல் துரு நிறத்தில் படலம் மிதந்தால் சந்தேகப்பட வேண்டும். அங்கே மண் பரிசோதனை செய்துகொண்டு, முதலில் ஓர் ஓரமாகச் சில பாத்திகளில் மட்டும் நட்டுப் பார்ப்பது நல்லது. பரிசோதனையில் சுண்ணாம்பு இடச் சொன்னால் அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நன்றாக விளையும் நெல் வயலைக் கோரைக்குக் கொடுப்பது மட்டும் கூடாது. கிழங்கோடு கூடிய தூர்களைப் பிரித்து நட்டுவிட்டால் பயிர் பல ஆண்டுகளுக்கு நிற்கும். ஒரு முறை வேரோடிய பின் நெல்லுக்குத் திரும்ப நினைத்தால் கிழங்கை அகற்றுவதே பெரும்பாடு. வீட்டுச் சோற்றுக்கு உதவும் வயலை விட்டுவிட்டு, சந்தை விலையை மட்டும் நம்பி இருப்பது சிறு விவசாயிக்கு ஆகாது. பிளாஸ்டிக் பாயின் போட்டியால் கோரைப்பாய்க்குள்ள கிராக்கி எப்போதும் ஒரே சீராக இருப்பதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து குத்தகைதாரருக்குத்தான். உழவு, நடவு என்று பெருஞ்செலவு முதலாண்டிலேயே வந்துவிடுகிறது. முதல் அறுப்புக்கு ஓராண்டு வரை காத்திருக்க நேரிடும். பிறகு ஆண்டுக்கு இருமுறை அறுக்கலாம். போட்ட பணம் திரும்பும் வேளையில், வாய்ப்பேச்சில் விட்ட நிலத்தை உடையவர் திருப்பிக் கேட்டால் பலன் முழுவதும் அவருக்குப் போகும். கடன் மட்டும் உழுதவர் தலையில் நிற்கும். குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்குத் தமிழ்நாட்டில் 1969-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. எழுத்தில் ஆதாரம் இல்லாமல் பத்தாண்டுப் பயிரை நடுவது, அடுத்தவர் வீட்டுக்குச் சுவர் எழுப்புவது போன்றதே.

அறுப்புக்குப் பின்னும் கவனம் தேவை. பச்சைத் தண்டைப் பிளந்து வெயிலில் உலர்த்தி, நீளவாரியாகப் பிரித்துக் கட்டினால்தான் நல்ல விலை. காயும்போது ஒரு மழை நனைத்தாலும் கோரை கறுத்துவிடும், விலை விழுந்துவிடும். இதற்குப் பயந்தே பலர் நிற்கும் பயிரை வியாபாரியிடம் மொத்தமாகப் பேசி விற்றுவிடுகிறார்கள். உலர்த்தித் தரம் பிரிப்பதால் கிடைக்கும் ஆதாயம் அப்போது விவசாயியின் கைக்கு வருவதில்லை. நாலைந்து பேர் சேர்ந்து அறுப்பு நாளைப் பேசி வைத்துக்கொண்டு, பொதுவாக ஒரு களமும் தார்ப்பாயும் வைத்துக்கொண்டால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

நெல்லுக்குக் களம் அமைத்துத் தரும் அரசு, கோரை விளையும் ஊர்களிலும் உலர்களம் கட்டித் தருவது நியாயமே. முதல் அறுப்பு வரை வட்டிக்கு வாங்காமல் சமாளிக்கக் கூட்டுறவுக் கடனும் வேண்டும். குத்தகைதாரருக்கும் அது கிடைக்க வேண்டும்.

பள்ளக்கால் நிலம் சாபமல்ல. ஆனால் அதில் கிழங்கை ஊன்றுமுன் நிலம் எத்தனை ஆண்டுக்குத் தம் கையில் இருக்கும், அறுத்ததை எங்கே காயவைப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்டாக வேண்டும். விடை தெரிந்தவர் துணிந்து நடலாம்.