ஸ்டெம் செல் சிகிச்சை: ஜும்ஆ வசூலுக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

கடந்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு ஒரு வாப்பா எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தின் முன் வந்து உட்கார்ந்தார். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் நாட்டாமி வேலை செய்பவர். ஆறு வயது மகனுக்குப் பிறவியிலேயே மூளைவாதம். நடக்க மாட்டான், பேச்சும் இல்லை. வெளிநாட்டு கிளினிக் ஒன்றின் கடிதம் கையில் இருந்தது. நான்கு 'ஸ்டெம் செல்' ஊசி போட்டால் நல்ல முன்னேற்றம் தெரியும் என்று அதில் எழுதியிருந்தார்கள். ஸகாத் நிதியிலிருந்து ஒரு பங்கும், மீதியை வெளியூர்ப் பள்ளிகளில் வசூலிக்க ஒரு கடிதமும் கேட்டார்.

ஸகாத் குழுவில் நானும் ஒருவன். வைத்தியம் படித்தவன் அல்ல. என்றாலும் அந்தக் கடிதத்தில் கையொப்பமிட முன்னர் கொஞ்சம் தேடிப் பார்க்க நினைத்தேன். எமது வட்ஸ்அப் குழுக்களில் இப்படியான வேண்டுகோள்கள் இப்போது அடிக்கடி வருவதால் தேடிக் கண்டதை இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்டெம் செல் சிகிச்சை பொய் அல்ல. எமது எலும்புக்குள் இருக்கும் மச்சையில் உள்ள ஸ்டெம் செல்கள்தான் வாழ்நாள் முழுவதும் புதிய இரத்தத்தை உருவாக்குகின்றன. பழுதான மச்சையை அகற்றி இன்னொருவரின் ஆரோக்கியமான மச்சையை ஏற்றும் வழியை 1950களிலேயே தொடங்கியவர் அமெரிக்க வைத்தியர் டொனால் தோமஸ். 1990 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று லுகேமியாவுக்கும் தலசீமியாவுக்கும் உலகமெங்கும் இது வழக்கமான சிகிச்சை. எமது நாட்டிலும் செய்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. வைத்தியசாலையில் 1986 முதல் செய்கிறார்கள். இலங்கையர் பலர் அங்கு போய் வருவது எல்லோருக்கும் தெரியும்.

தலசீமியா எமக்குத் தூரத்து நோய் அல்ல. தேசிய தலசீமியா நிலையமே தம்புள்ளையிலிருந்து கலேவெல வழியாகப் போனால் வரும் குருநாகலில்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்குப் பத்து வயது. மாதம் தவறாமல் உம்மாவோடு பஸ் ஏறி அங்கு போய் இரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறாள். ஏற்றும் இரத்தத்தோடு சேரும் இரும்பு இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும் என்பதால் அதை வெளியேற்ற மருந்து வேறு. இந்தப் பிள்ளைக்குப் பொருத்தமான ஒரு சகோதரனோ சகோதரியோ இருந்தால், சிறு வயதிலேயே மச்சை மாற்றினால், பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு நோய் முழுமையாகக் குணமாகும் வாய்ப்புண்டு. ஒரே உம்மா வாப்பாவுக்குப் பிறந்த ஒருவர் பொருந்தும் சாத்தியம் நாலில் ஒன்று. ஆபத்தும் இல்லாமல் இல்லை. ஏற்றிய மச்சை நோயாளியின் உடலையே தாக்கக்கூடும், சிலர் இறந்தும் போகிறார்கள். ஆனாலும் கணக்குத் தெரிந்த ஆபத்து அது. வேதனை என்னவென்றால், அந்தப் பிள்ளையின் தம்பியைப் பரிசோதிக்கலாம் என்றே குடும்பத்துக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அவர்களுக்காக எந்தப் பள்ளியிலும் வசூலும் நடக்கவில்லை.

இனி மூளைவாதத்துக்கு வருவோம். இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டல் தெளிவாகச் சொல்கிறது: இரத்தம் சார்ந்த நோய்களுக்கான மச்சை மாற்றைத் தவிர மற்ற எல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் இன்னும் ஆராய்ச்சிதான், அதைச் சிகிச்சை என்று விற்கக் கூடாது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஸ்டெம் செல் கொடுப்பது பரிந்துரைக்கத் தக்கதல்ல, அதை விளம்பரம் செய்வது தொழில் ஒழுக்கமீறல் என்று 2022 டிசம்பரில் அந்நாட்டு தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுக்கநெறிச் சபை அறிவித்தது. அப்படியும் கடை நடக்கிறது. அமெரிக்காவிலேயே நடந்திருக்கிறது. புளோரிடாவில் ஒரு கிளினிக், வயோதிபத்தால் பார்வை மங்கிய மூன்று பெண்களின் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களை 2015 இல் அவர்களின் இரண்டு கண்களிலும் ஏற்றியது. ஆளுக்கு 5000 டொலர். மூவருமே பார்வையை ஏறக்குறைய முழுதாக இழந்தார்கள். ஆராய்ச்சி ஒன்றில் சேர்கிறோம் என்று நம்பியே அவர்களில் சிலர் போயிருந்தார்கள்.

நேர்மையான ஆராய்ச்சியில் நோயாளியிடம் சிகிச்சைக்குக் காசு கேட்பது வழக்கமில்லை. எங்களிடம் வந்த கடிதத்தை அளக்க எனக்கு இந்த ஓர் அளவுகோலே போதுமாக இருந்தது.

தொப்புள்கொடி இரத்தத்தைக் காசு கட்டிச் சேமிக்கச் சொல்லும் விளம்பரங்களும் இதே ரகம். மூத்த பிள்ளைக்கு லுகேமியா இருக்கும்போது அடுத்த பிள்ளையின் தொப்புள்கொடியைச் சேமிப்பதில் அர்த்தமுண்டு. தலசீமியாவோடு பிறந்த பிள்ளைக்கு அதன் சொந்தத் தொப்புள்கொடி இரத்தம் உதவாது. அதே பழுது அதற்குள்ளும் இருக்குமே.

இதெல்லாம் மார்க்கத்தில் கூடுமா என்று சிலர் கேட்கிறார்கள். ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் பிக்ஹ் சபை 2003 இல் மக்காவில் கூடி இதை ஆராய்ந்தது. வளர்ந்தவரிடமிருந்தும், பாதுகாவலரின் அனுமதியோடு பிள்ளைகளிடமிருந்தும், தொப்புள்கொடியிலிருந்தும் எடுப்பதை அது அனுமதித்தது. வேண்டுமென்று கலைத்த கருவிலிருந்து எடுப்பதைத் தடுத்தது. தம்பியின் மச்சை அக்காவுக்குப் போவதில் தயக்கத்துக்கு இடமில்லை. கொடுத்த மச்சை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும்.

நாளைய நம்பிக்கையும் பெரியதுதான். நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே வெளியே எடுத்து, மரபணுவைத் திருத்தித் திருப்பி ஏற்றும் 'காஸ்ஜெவி' என்ற சிகிச்சையைத் தலசீமியாவுக்கு பிரித்தானியா 2023 நவம்பரில் அங்கீகரித்தது. அடுத்த மாதமே பஹ்ரைனும், பிறகு சவூதியும் அங்கீகரித்தன. சகோதரப் பொருத்தமே தேவையில்லை. அமெரிக்காவில் விலை 22 இலட்சம் டொலர். எமது ரூபாவில் அறுபது கோடியைத் தாண்டும். குருநாகலுக்கு பஸ் ஏறும் பிள்ளைக்கு அது எப்போது எட்டும்?

அதுவரை எம் கையில் இருப்பது மலிவான ஒரு வழி. கணவன் மனைவி இருவருமே தலசீமியாக் காவிகளாக இருந்தால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து வருகிறது. காவிகளுக்கு வெளியே ஒரு நோயும் தெரியாது. இரத்தப் பரிசோதனையில்தான் பிடிபடும். மாமி மகனுக்கும் மாமா மகளுக்கும் முடிக்கும் பழக்கம் எம்மில் இன்னும் இருப்பதால் ஆபத்து கொஞ்சம் கூடுதல். சவூதி 2004 முதல் திருமணத்துக்கு முன் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. நிக்காஹ் பதிவுக்கு வருபவரிடம் அடையாள அட்டை கேட்கும் நாம், பரிசோதனை செய்துவிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்து போக மாட்டோம். இதையும் நிர்வாகத்தில் சொன்னேன். பொம்பிளைப் பிள்ளைகளுக்குப் பெயர் கெட்டுவிடும் என்றார் ஒருவர். மாப்பிள்ளைக்கும் அதே பரிசோதனைதான் என்றேன். அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்று வைத்திருக்கிறார்கள்.

அந்த வாப்பாவுக்கு வசூல் கடிதம் கொடுக்கவில்லை. பிசியோதெரபிக்கும் சக்கர நாற்காலிக்கும் மாதாமாதம் ஸகாத் நிதியிலிருந்து தருவோம் என்றோம். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஹாஜி, உங்கட புள்ளக்கி இப்படி இருந்தா அந்த ஊசியப் போடாம இருப்பீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஒருவேளை நானும் காணியை விற்றுக்கொண்டு ஓடியிருப்பேன். அதனால்தான் அந்த முடிவை வாப்பா ஒருவரின் தோளில் மட்டும் விடக் கூடாது என்று நினைக்கிறேன். கடிதத்தைப் பிள்ளைநல வைத்தியர் ஒருவரிடம் காட்டி, அவர் சொல்வதை வாப்பாவும் கூட இருந்து கேட்ட பிறகே எந்த வெளிநாட்டுச் சிகிச்சைக்கும் வசூல் என்று எங்கள் குழு இப்போது தீர்மானித்திருக்கிறது. சக்கர நாற்காலி போன மாதம் வந்தது. அவரே வந்து எடுத்துப் போனார். என்னோடு அதிகம் பேசவில்லை.