அப்பாவின் கலண்டர் எந்த ஃபைலில் இருந்தது?



இந்த எபிசோட்டில் பேக்கப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, "நானே பிழைவிட்ட கதை ஒண்டு இருக்கு, நியூஸ்லெட்டரில எழுதுறன்" என்று சொல்லி நழுவிவிட்டேன். இதுதான் அந்தக் கதை. மைக்குக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. பத்து வருசத்துக்கு மேலாக அடுத்தவர்களின் கம்பெனிகளில் மெயில் மாற்றிக் கொடுக்கிற வேலைக்குக் கொன்ட்ராக்ட்டில் போகிறவன் நான். கம்பியூட்டர் சயன்ஸ் படித்தவன். கோட்டை விட்டது சொந்த அப்பாவின் லப்டொப்பில்.

லண்டன் வீட்டுக்கு இன்டர்நெட் வந்த நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரே மெயில் முகவரி. அவுட்லுக்கில்தான் பார்ப்பார். போனிலும் மெயில் பார்க்க ஆசைப்பட்டார். அதனால் பொப்3 ஆக இருந்த எக்கவுண்டை ஐமேப்புக்கு மாற்றினேன். பொப்3 மெயிலைக் கீழே இறக்கி, கம்பியூட்டரில் ஒரு பிஎஸ்டி ஃபைலில் வைக்கும். ஐமேப்பில் மெயில் சேர்வரிலேயே இருக்கும், கம்பியூட்டரில் அதன் நகல் ஓஎஸ்டி ஃபைலில் இருக்கும்.

மாற்றி முடிய இடதுபக்கத்தில் இரண்டு இன்பொக்ஸ். "தம்பி, இதில எது என்ர?" என்றார். ஃபைல் மெனு, எக்கவுண்ட் செட்டிங்ஸ், டேட்டா ஃபைல்ஸ் என்று போய், புது ஃபைலைத் தெரிவுசெய்து 'செட் ஆஸ் டிஃபோல்ட்' அமத்தினேன். இன்பொக்ஸ், கலண்டர், மற்ற ஃபோல்டர்களின் இடம் மாறப்போகிறது, அடுத்தமுறை அவுட்லுக்கைத் திறக்கும்போது அது நடக்கும் என்று ஒரு பெட்டி வந்தது. வாசிக்காமல் ஓகே. பழைய கலண்டரையும் கொன்டாக்ட்ஸையும் புதுசுக்குள் நகலெடுத்துக் கொடுத்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஐமேப் மெயிலுக்கான வழி மட்டும்தான். கலண்டரும் கொன்டாக்ட்ஸும் அதனூடாக சேர்வருக்குப் போகாது. அந்த ஃபைலை டிஃபோல்ட் ஆக்கினால் அவை அந்த ஒரு மெஷினில் மட்டும் சேமிக்கப்படும். அவுட்லுக் இதை ஒளிக்கவும் இல்லை. ஃபோல்டரின் பெயருக்குப் பக்கத்திலேயே 'திஸ் கம்பியூட்டர் ஒன்லி' என்று எழுதியிருக்கும். இந்தக் கம்பியூட்டரில் மட்டும்! இரண்டு வருசம் அது அப்பாவின் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் கண்ணுக்கு முன்னாலும் இருந்தது.

பிறகு அவருக்குப் புது லப்டொப் வாங்கிக் கொடுத்தேன். பழையதிலிருந்து டொக்குமென்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே எடுத்தேன். பழைய பிஎஸ்டி அதற்குள் இருந்ததால் வந்துவிட்டது. ஓஎஸ்டி இருப்பது ஆப்டேட்டா என்ற மறைத்துவைத்த ஃபோல்டருக்குள். அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பழைய லப்டொப்பை ரீசெட் பண்ணி மச்சாளின் மகனுக்குப் படிக்கக் கொடுத்தேன். புதுசில் எக்கவுண்டைப் போட்டதும் மெயில் எல்லாம் கடகடவென்று வந்தது. "எல்லாம் சரி அப்பா."

இரண்டு கிழமை கழித்து அப்பா எடுத்தார். அடுத்த நாள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி. பிரஷர் குளிசை எப்ப மாத்தினது, எந்த டொக்டர் என்ன சொன்னவர், எந்த மருந்து அம்மாவுக்கு ஒத்துவரவில்லை, எல்லாம் அவர் கலண்டரில் அந்தந்தத் திகதியில் எழுதிவைப்பார். ஒவ்வொரு வருசமும் பஞ்சாங்கம் பார்த்து அப்பாச்சியின் திவசத் திகதியையும் அதில்தான் போடுவார். திறந்து பார்த்தால் புதுக் கலண்டர் வெறுமை. பழைய பிஎஸ்டியில் உள்ள கலண்டர் நான் 'உதவி' செய்த அந்த ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுவிட்டது. இடையில் இரண்டு வருசத்தைக் காணவில்லை. பழைய லப்டொப்பைத் திருப்பி வாங்கித் தேடிப் பார்த்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

"பரவாயில்லை தம்பி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அது எங்க இருந்தது?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப பழைய லப்டொப்புக்குள்ளதான் இருந்திருக்கு. குடுக்கமுன்னம் என்னட்டை ஒருக்காச் சொல்லியிருந்தா கொப்பியில எழுதியிருப்பனே."

இதுக்கு என்னிடம் பதில் இல்லை.

இதே வேலையை ஒரு கிளையன்ட்டுக்குச் செய்திருந்தால் என்ன செய்திருப்பேன்? எந்த மெஷினில் எந்த ஃபைல், எது நகல், எது மூலம் என்று முதலில் பட்டியல் போட்டிருப்பேன். என்ன மாறப்போகிறது என்று எழுதிக் கொடுத்து, அவர்கள் சரி என்ற பிறகுதான் கை வைத்திருப்பேன். பழைய மெஷினை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருப்பேன். அதெல்லாம் நாள்கூலி தருகிறவர்களுக்கு. அப்பாவுக்கு நான் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லை. ஏன்? "அவருக்கு விளங்காது" என்று நானே முடிவெடுத்துவிட்டேன். ஊர்ச் சங்கத்தின் கணக்கை வருசக்கணக்காகக் கொப்பியில் எழுதின மனுசனுக்கு, எந்தச் சாமான் எந்த அலுமாரியில் இருக்கு என்பது விளங்காதா?

உங்களில் நிறையப் பேருக்கு இந்த வேலை புதிதில்லை. கவுன்சிலிலிருந்து, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதங்களை அம்மா அப்பாவுக்கு வாசித்துச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். அதில் ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்தால் அது பெரிய பிழை என்று பத்து வயதிலேயே எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு வந்த எச்சரிக்கைப் பெட்டியும் அப்பாவுக்கு வந்த கடிதம்தான். அதை நான் வாசித்துச் சொல்லாமல் அவருக்காகக் கையெழுத்துப் போட்டேன்.

டிஃபோல்ட் என்பதைத் தமிழில் முன்னிருப்பு என்று எழுதுவார்கள். எனக்குப் பிடித்த சொல். ஆனால் எங்கட வீடுகளில் பாதி முன்னிருப்புகள் தானாக முன்னால் வந்து இருக்கவில்லை. யாரோ ஒரு பிள்ளை அவசரத்தில் அமத்திவிட்டுப் போனவை.

"எல்லாத்தையும் கிளவுட்டில போட்டா முடிஞ்சுதே" என்று சிலர் சொல்வீர்கள். பாதி சரி. மைக்ரோசொஃப்ட் 365, அவுட்லுக் டொட் கொம் மாதிரியான எக்கவுண்டில் கலண்டரும் கொன்டாக்ட்ஸும் சேர்வரிலேயே இருக்கும். ஓஎஸ்டி போனாலும் திரும்ப இறங்கும். அப்பாவையும் இப்போது அப்படித்தான் மாற்றியிருக்கிறேன். ஆனால் மாற்றுவதற்கு முன்னால் இருந்ததெல்லாம்? பொப்3 காலத்துப் பிஎஸ்டி ஒன்று வீட்டில் கிடந்தால், அதிலுள்ள மெயிலுக்கு உலகத்தில் வேறு பிரதி இல்லாமலும் இருக்கலாம். டேட்டா ஃபைல்ஸ் பட்டியலில் மூலமும் நகலும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரித்தான் நிற்கும். அதனால் கிளவுட்டுக்குப் போனாலும் 'இது எங்க இருக்கு?' என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்கவேணும்.

சரி, வீட்டில் கிளாசிக் அவுட்லுக் இருந்தால் பார்க்கவேண்டியவை:

1. டேட்டா ஃபைல்ஸ் பக்கத்தைத் திறந்து, எதற்குப் பக்கத்தில் டிஃபோல்ட் அடையாளம் நிற்கிறது, ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பாருங்கள். 'ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்' அமத்தினால் நேராக அங்கே கொண்டுபோகும். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

2. கலண்டரின் பெயரில் 'திஸ் கம்பியூட்டர் ஒன்லி' இருந்தால் அன்றைக்கே ஒரு நகல் எடுங்கள். ஓஎஸ்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு மெஷினில் சும்மா திறக்கமுடியாது. 'ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட்' வழியாகப் பிஎஸ்டியாக எக்ஸ்போர்ட் பண்ணவேணும்.

3. பொப்3 மெயில் பழைய இன்பொக்ஸில் போய் விழுகிறதா? ஈமெயில் பக்கத்தின் அடியில் 'சேஞ்ச் ஃபோல்டர்' இருக்கு. மெயில் எந்த ஃபைலுக்குப் போகவேணும் என்று அங்கேதான் சொல்லவேணும். அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் 14 நாளுக்குப் பிறகு சேர்வரிலிருந்து அழி என்று டிக் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. ஃபைலைக் காணவில்லை என்று அவுட்லுக் சொன்னால் அவசரப்பட்டு ஓகே அமத்தாதீர்கள். வெறும் புது ஃபைல் ஒன்று உருவாகிவிடும், மெயில் எல்லாம் போய்விட்டது என்று வீடே அழும். அநேகமாகப் பழைய ஃபைல் இடம்மாறி எங்கேயோ பத்திரமாக இருக்கும். முதலில் தேடுங்கள்.

5. டொக்குமென்ட்ஸ் ஃபோல்டர் ஒன்டிரைவோடு சிங்க் ஆகிறது என்றால், அவுட்லுக்கை மூடிவிட்டுப் பிஎஸ்டியை வேறு ஃபோல்டருக்கு மாற்றுங்கள். திறந்துகிடக்கிற பெரிய ஃபைலோடு சிங்க் மல்லுக்கட்டுவது நல்லதில்லை.

6. மிகப் பழைய பிஎஸ்டி திறக்க மறுக்கிறதா? 2002 பதிப்பு வரையான ஃபைல்களுக்கு எல்லை 2 ஜிபி. அதைத் தாண்டினவை உடைந்திருக்கலாம். ஸ்கான்பிஎஸ்டி என்ற டூலை ஓட்டலாம், ஆனால் எப்போதும் நகலில்தான் ஓட்டுங்கள்.

இவ்வளவுக்கும் அரை மணித்தியாலம் போதும். ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் இருத்தி, வருகிற பெட்டிகளைத் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். "இது இந்த லப்டொப்பில மட்டும்தான் இருக்கு, பரவாயில்லையா?" என்று கேளுங்கள். பதில் அவர்களிடமிருந்து வரட்டும்.

எங்கட வீட்டில் அப்பா இப்போது மருந்து விபரத்தைக் கலண்டரிலும் போடுகிறார், கொப்பியிலும் எழுதுகிறார். போன ஞாயிறு ஒரு அப்டேட் போட லப்டொப்பைத் திறந்தேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "தம்பி, ஓகே அமத்தமுன்னம் என்னைக் கூப்பிடு."

கூப்பிட்டேன்.

உங்கட வீட்டில் எந்த ஃபைல் எங்கே கிடந்தது என்று இந்த மெயிலுக்குப் பதில் போடுங்கள். அடுத்த எபிசோட்டில் கதைப்பம்.