மாணவர் பகுதி: விளம்பரத்திற்கு இடமளித்தல்

இதழியலும் பதிப்பும் விளம்பரமும் பயிலப் புகுந்த நாள் முதல், செய்தித்தாளை நாங்கள் படிக்கும் முறையே மாறிவிட்டது. முன்பு தலைப்புகளைத் தேடிய கண், இப்பொழுது அளவுகோலைத் தேடுகிறது. ஒரு தாளில் செய்தி எத்தனை சதுர சென்டிமீட்டர், விளம்பரம் எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று அளந்து எழுதுவதே எங்களுக்கு இடப்பட்ட முதற் பயிற்சி. அளந்து பார்த்தவர்க்கு ஓர் உண்மை புலப்படும். வாசகர் காலையில் கொடுக்கும் சில ரூபாய், பெரும்பாலும் அத்தாளின் அடக்கச் செலவுக்கே போதாது. எஞ்சியதை விளம்பரம் கொடுப்பவர் தாங்குகிறார். ஆகவே, வெளியீட்டாளர் இருவகைச் சரக்கு விற்கிறார்: வாசகருக்குச் செய்தியை விற்கிறார், வணிகருக்கு வாசகரின் கவனத்தை விற்கிறார். இதனை வகுப்பில் கேட்டபொழுது எங்களுள் சிலருக்குச் சற்றுக் கசப்பாகவே இருந்தது.

தமிழ் இதழ்களின் வரலாற்றைப் படித்தபின் அக்கசப்பு ஓரளவு தணிந்தது. 1926-இல் பூதூர் வைத்தியநாதய்யர் தொடங்கிய ஆனந்த விகடனை 1928-இல் விலைக்கு வாங்கியவர் எஸ். எஸ். வாசன். அக்காலத்தில் அவர் இதழ்களுக்கு விளம்பரம் திரட்டித் தருவதையும், அஞ்சல் வழிப் பொருள் விற்பதையும் தொழிலாகக் கொண்டிருந்தவர். விளம்பரத்தின் நெளிவு சுளிவு அறிந்த ஒருவர் கையில் சேர்ந்ததனால் அவ்விதழ் கெட்டுவிடவில்லை, செழித்தது. அதில் ஆசிரியப் பொறுப்பு வகித்த கல்கி, பின்னர் 1941-இல் சதாசிவத்துடன் சேர்ந்து தம் பெயரிலேயே ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு முதல் தேடுவதற்காகவே எம். எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்தார். ஓர் இதழ் பிறப்பதற்கு எங்கெங்கிருந்தெல்லாம் பணம் வரவேண்டியிருக்கிறது, பாருங்கள்!

இதற்கு மறுதலையான வழியில் சென்றவர் காந்தியடிகள். நம்மைப் போன்று பிழைப்பை நாடிக் கடல் கடந்த தமிழர் மிகுதியாக வாழ்ந்த நேட்டாலில், 1903-இல் ‘இந்தியன் ஒப்பீனியன்’ வெளிவரத் தொடங்கியது. ஆங்கிலம், குசராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் அது அச்சாயிற்று. தமிழில் எழுதவும் அச்சுக்கோக்கவும் ஏற்ற ஆட்கள் கிடைப்பது அரிதாகவே, 1906-இல் தமிழ்ப் பகுதி நிறுத்தப்பட்டது. (புலம் பெயர்ந்த இடத்தில் தமிழ் இதழ் நடத்துவதன் இடர் நம் அச்சக அன்பர்களுக்குப் புதிதன்று.) அவ்விதழில் தொடக்கத்தில் விளம்பரங்கள் இருந்தன, பின்னர் அவற்றை அடிகள் அறவே விலக்கினார். இந்தியாவில் நடத்திய ‘யங் இந்தியா’, ‘நவஜீவன்’ இரண்டிலும் முதலிலிருந்தே விளம்பரம் ஏற்கவில்லை. வாசகர்கள் தமதென்று கருதித் தாங்கினால்தான் இதழ் வாழவேண்டும் என்பது அவர் கொள்கை.

நம் சங்கத் திங்களிதழுக்கு எவ்வழி ஏற்றது? அடிகள் வழியை நாம் பின்பற்ற இயலாது என்றே கருதுகிறோம். பின்பற்ற வேண்டிய தேவையும் இல்லை. மூத்தோர் பலர் இவ்விதழைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்புவது மணமக்கள் பகுதியையும் நினைவஞ்சலியையுமே அன்றோ? அவையும் விளம்பரங்களே. அல்சூர் அங்காடித் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர் தம் கடைப் பெயரை இங்கு அச்சிடுவதில் யாருக்கும் தீங்கில்லை.

தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. வேலூரிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ புதிதாக இங்கு குடியேறிய குடும்பத்துக்கு ஊர் தெரியாது, கன்னடமும் பழகியிராது. சங்க இதழில் கண்டோம் என்ற ஒரே காரணத்தால் அவர்கள் ஒரு கடைக்குச் செல்வர். நாளிதழ் விளம்பரத்தை ஐயத்துடன் படிப்பவரும் நம் இதழ் விளம்பரத்தை அவ்வாறு படிப்பதில்லை. இடத்துக்கு மட்டுமே கட்டணம் செலுத்தும் விளம்பரதாரர், சங்கத்தின் பெயரையும் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்கிறார்.

மருந்தும் பணமும் பற்றிய விளம்பரங்களில் இது பேராபத்தாக முடியும். நீரிழிவு முதலான நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதையும், மந்திரத் தாயத்துக்கு நோய் நீக்கும் ஆற்றல் உண்டென விளம்பரம் செய்வதையும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அவ்விளம்பரத்தை வெளியிடுவதில் எவ்வகையிலும் பங்கு கொள்வோரையும் அச்சட்டம் கட்டுப்படுத்தும். சீட்டு நடத்துவோர் ஆள் சேர்க்க வெளியிடும் அறிவிப்பில், முன்னனுமதி பெற்ற விவரம் இருத்தல் வேண்டும் என்பது 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின் விதி. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களுக்கு விளம்பரம் செய்வதையே 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. பாடநூலில் இவற்றைப் படித்தபொழுது தேர்வுக்குரிய செய்திகளாகவே தோன்றின.

சென்ற திங்கள் இதழின் பக்கங்களை அமைக்க உதவியபொழுது அவை தேர்வோடு நின்றுவிடவில்லை. நிதி நிறுவனம் ஒன்று, ஓராண்டு முழுவதும் பின்னட்டையை எடுத்துக்கொள்வதாகக் கூறி, பணத்தையும் முன்னதாகவே தர முன்வந்தது. பின்னட்டைக்குத்தான் கட்டணம் மிகுதி. அத்தொகை கிடைத்திருந்தால் அச்சுக்கூலியில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். ஆனால் அவர்கள் தந்த வாசகத்தில் வட்டி விகிதம் பெரிய எழுத்தில் இருந்தது; பதிவெண் எங்கும் இல்லை. அனுமதி ஆணையின் படியொன்றை அனுப்புமாறு எழுதினோம். மறுமொழி வந்தது; படி வரவில்லை. இருமுறை நினைவூட்டியபின், அவர்களே விளம்பரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர்.

செயற்குழுவில் இது குறித்துக் கடும் விவாதம் நடந்தது. பணம் வரும் வாயிலை மாணவர்கள் அடைத்துவிட்டனர் என்று கூறியோரும் உண்டு. அவர்கள் வருத்தம் பொருளற்றதன்று. இதழை ஆண்டாண்டாகக் கைப்பணம் செலவிட்டுக் காத்தவர்கள் அவர்கள். அங்காடித் தெரு வணிகர் இருவர் கால்பக்க விளம்பரம் தந்து உதவினர். குறை இன்னும் முழுதும் தீரவில்லை. இத்திங்கள் பின்னட்டையில் விளம்பரத்துக்கு மாறாக ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புச் சிறுவர்களின் ஓவியங்கள் வெளிவந்திருப்பதன் காரணம் இதுவே.