பாதி ஊருக்கு மந்திரம்

மந்திரக்காரரின் வலிமை ஒரு கணக்கு. அவர் எத்தனை பேரில் ஒருவர் என்பது வேறொரு கணக்கு. 2024 செப்டம்பரில் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் முதல் கணக்கைப் பெருமளவு நேர்செய்து, இரண்டாவதைக் கைவிட்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் அதன் அடிப்படை விதிகளின் தொகுப்பான எஸ்ஆர்டி 5.2 கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறக்கப்பட்டுவிட்டதால், அதை எடுத்துத் தமிழில் விதிநூலோ கேம்பெய்னோ எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். எதை எடுப்பது, எதை விடுவது என்று ஜொகூரில் தமிழில் மேசை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்கள், அதாவது டிஎம்கள், முடிவு செய்ய வேண்டிய நேரம் இது.

வலிமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டர்னில் ஸ்பெல் போட ஒரு ஸ்லாட்தான் செலவழிக்கலாம் என்ற விதி, ஆண்டுக்கணக்காக நடந்த போனஸ் ஆக்‌ஷன் வழக்குகளை முடித்துவைக்கிறது. கவுன்டர்ஸ்பெல்லுக்கு இப்போது கான்ஸ்டிடியூஷன் சேவ் உண்டு. தோற்றவரின் ஸ்லாட்டும் வீணாவதில்லை. டிவைன் ஸ்மைட் ஸ்பெல்லாகிப் போனஸ் ஆக்‌ஷனுக்குள் அடங்கிவிட்டது. ஃபைட்டருக்கு வெப்பன் மாஸ்டரி கிடைத்திருக்கிறது. பதினேழாம் லெவலில் விஷ் வந்ததும் இத்தனையும் ஆட்டம் காணும் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான கேம்பெய்ன்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. இந்தப் பகுதியை அப்படியே ஏற்கலாம்.

அருமை பற்றிய கணக்கு இப்படிப்பட்டதல்ல. 1978ஆம் ஆண்டு ஏடி&டி விதிநூலில் மேஜிக்-யூசருக்கு நான்கு பக்கப் பகடையில் உயிர், முதல் லெவலில் ஒரே ஸ்பெல். இரண்டாம் லெவலுக்குத் திருடன் 1,251 புள்ளியில் ஏறிவிடுவான். மேஜிக்-யூசர் 2,501 சேர்க்க வேண்டும். பிழைத்து மேலே வந்தவர் சிலரே, அதனால் அவருக்கு மதிப்பு இருந்தது. 2000இல் மூன்றாம் பதிப்பு எல்லா வகுப்புக்கும் ஒரே புள்ளிப்பட்டியலைக் கொடுத்து அந்த அணையை உடைத்தது. 2008இல் நான்காம் பதிப்பில் கேன்ட்ரிப் என்னும் சிறு மந்திரம் எண்ணிக்கையில்லாமல் பாயத் தொடங்கியது.

இப்போது எண்ணிப் பார்க்க வேண்டும். 2014ஆம் ஆண்டு பதிப்பில் பன்னிரண்டு வகுப்பில் ஆறுதான் முதல் லெவலிலேயே ஸ்பெல் போட்டன. பாலடினும் ரேஞ்சரும் சேர்ந்துகொண்டதால் இன்று எட்டு. நூலில் உள்ள பதினாறு பின்புலங்களில் அக்கோலைட், கைடு, சேஜ் ஆகிய மூன்றும் மேஜிக் இனிஷியேட் ஃபீட்டை இலவசமாகத் தருகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேன்ட்ரிப், ஒரு முதல் லெவல் ஸ்பெல். எஸ்ஆர்டியிலோ பின்புலமே நான்குதான். அவற்றில் இரண்டு, அக்கோலைட்டும் சேஜும். மற்றவர்கள் மேலே கட்டிக்கொள்ளட்டும் என்று உலகத்துக்கே திறந்துவிட்ட அடித்தளத்தில் பாதிப் பின்புலங்கள் மந்திரத்தோடு பிறக்கின்றன. வாள் மட்டுமே தெரிந்த ஃபைட்டரும் சேஜ் பின்புலத்தை எடுத்தால் விசார்ட் ஸ்பெல் போடுவார். படித்தவர் எல்லாரும் மந்திரவாதி, கோயிலில் மணி அடித்தவர் எல்லாரும் அருள்பெற்றவர் என்று ஒரு சமூகத்தையே வரைந்துவிட்டு, அப்படி வரைந்ததைப் பற்றி நூலில் ஒரு பத்திகூட எழுதவில்லை. டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் ‘அரிது’ என்ற சொல் இருக்கிறது, விலைச்சீட்டாக: அரிய பொருள் 4,000 பொற்காசு, லெஜண்டரி 200,000. காசு இருந்தால் கிடைப்பது அரிதாகுமா?

தோட்டத்துக் கோயிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சாமியாடுபவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். காப்புக் கட்டி, விரதம் இருந்து, உடுக்கை ஒலிக்கும்போதுதான் அருள் இறங்கும். மறுநாள் அவரும் மற்றவர்களோடு வேலைக்குப் போகிறார். குறி கேட்க ஊரே வரிசையில் நிற்கிறது; கேட்க வேறு ஆள் கிடையாது. தங்காக்கை அடுத்துள்ள 1,276 மீட்டர் லேடாங் மலையின் இளவரசி கதையும் அப்படித்தான். மலாக்கா சுல்தான் மாமூட் பெண் கேட்டு ஆளனுப்பியபோது தங்கப் பாலம், வெள்ளிப் பாலம், ஏழு தட்டுக் கொசு இதயம், ஒரு தாழிக் கண்ணீர், இளவரசனின் ரத்தம் ஒரு கிண்ணம் என்று அவள் விலை சொன்னாள். அவளுக்கு எத்தனை ஸ்லாட் என்று கதை சொல்வதில்லை. மலைக்கு மலை ஓர் இளவரசி இருந்திருந்தால் சுல்தான் அடுத்த மலைக்குப் போயிருப்பார்.

வேறு விளையாட்டுகள் இதை எப்போதோ அறிந்திருந்தன. 1985இல் கிரெக் ஸ்டாஃபோர்டின் பெண்ட்ராகன் ஆட்டக்காரர்களுக்கு நைட்களை மட்டுமே தந்து, மெர்லினை டிஎம் கையில் விட்டது. 1987இல் வந்த ஆர்ஸ் மேஜிக்கா, மந்திரவாதி வலியவர்தான் என்று ஒப்புக்கொண்டு, மேசையில் உள்ளவர்கள் அந்தப் பாத்திரத்தை முறைவைத்து ஏற்கச் செய்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காகவே 1991இல் வந்த டார்க் சன் உலகில் மந்திரம் மண்ணைக் கருக்குகிறது. போடுபவரை ஊர் துரத்துகிறது. அந்த டார்க் சன் இன்று, இந்த ஹேண்ட்புக்கை வெளியிட்ட அதே விசார்ட்ஸ் நிறுவனத்தின் சொத்து. தெரியாமல் நேர்ந்த பிழை என்று இதை விட்டுவிட முடியாது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் முதல் நாளே ஒரு கேன்ட்ரிப் கொடுத்தால் நூல் விற்கும். அதற்காக டிஎம்மின் உலகம் விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

எனவே தமிழ் மேசைகளுக்கு இந்த இதழ் பரிந்துரைப்பது: அக்கோலைட், சேஜ் இரண்டிலும் மேஜிக் இனிஷியேட்டை எடுத்துவிட்டு ஸ்கில்டு ஃபீட்டை வைக்கலாம். மனிதப் பாத்திரம் விருப்பப்படி எடுக்கும் ஃபீட்டிலும் அதைத் தடுக்க வேண்டும். இல்லையென்றால் பின்வாசல் திறந்தே கிடக்கும். முழு மந்திர வகுப்பு பார்ட்டிக்கு ஒன்று. ஒரு கம்பத்தில் இன்னொரு மந்திரக்காரர் இருந்தால் அவருக்குப் பெயர், இடம், கடன்பட்டவர்கள் எல்லாம் டிஎம் குறிப்பில் இருக்க வேண்டும். பாலடினின் ஸ்பெல்களை இரண்டாம் லெவலுக்குத் தள்ளினால் பெரிய நட்டமில்லை: ஸ்மைட் எப்படியும் அந்த லெவலில்தான் வருகிறது, லே ஆன் ஹேண்ட்ஸ் முதல் லெவலிலேயே இருக்கிறது. ரேஞ்சரின் ஃபேவர்டு எனிமி, ஹன்டர்ஸ் மார்க் ஸ்பெல்லை நம்பியிருப்பதால் அதுவும் கூடவே தள்ளிப்போகும். முதல் லெவலில் அவருக்கு வெப்பன் மாஸ்டரி மட்டும் மிஞ்சும். அந்த ஒரு லெவலுக்கு ஈடாக ஒரு கூடுதல் ஸ்கில் கொடுத்தால் சரியாகிவிடும்.