பிரசவத்துக்குப் போட்ட கையெழுத்து காப்பர்-டிக்குச் செல்லாது

பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளித் தோட்டங்களில் கூலிக்கு மொட்டுப் பறிக்கும் பெண்களில் என் சித்தி மகளும் ஒருத்தி. இரண்டாவது குழந்தை பிறந்த ஏழாம் மாதம், உதிரப்போக்கு அதிகமாகி இடுப்பு வலியோடு ஸ்கேன் எடுக்கப் போனாள். கருப்பைக்குள் காப்பர்-டி இருப்பது அங்குதான் அவளுக்குத் தெரிந்தது. பிரசவம் பார்த்த அரசு மருத்துவமனையில் போட்டிருக்கிறார்கள், அவளிடம் சொல்லவில்லை. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "சேர்க்கும்போதே கையெழுத்துப் போட்டியேம்மா" என்று பதில் வந்தது. என்னிடம் அவள் சொன்னாள்: "சொல்லியிருந்தா நானே போட்டுக்கிட்டிருப்பேன் அக்கா. இப்ப அது எனக்கு வேண்டாம்."

இது அவள் ஒருத்தியின் கதை அல்ல. பிரசவத்துக்கு வந்த பெண்களுக்குக் கேட்காமலே காப்பர்-டி போடுவதாகத் தமிழ்நாட்டில் புகார்கள் எழுந்து செய்திகளாகியிருக்கின்றன. அந்தக் கோபத்தில் காப்பர்-டியே கெடுதல் என்று நாம் முடிவுகட்டிவிடக் கூடாது. அது நல்ல சாதனம். அதனால்தான் அதைப் பற்றி முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிளாஸ்டிக் தண்டில் செம்பு சுற்றிய சிறு கருவி அது. செம்பு விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்து கரு உண்டாகாமல் தடுக்கிறது. அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் 380ஏ வகை 10 ஆண்டு வரை பலன் தரும். போட்டுக்கொள்ளும் 100 பெண்களில் முதல் ஆண்டில் ஒருவருக்குக்கூடக் கரு தங்குவது அரிது. போடச் சில நிமிடம் போதும். அப்போது சுருக்கென்ற வலியும் பிடிப்பும் சிலருக்குக் கடுமையாகவே இருக்கும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் மாதவிடாய் அதிகமாகலாம், நாட்கள் நீளலாம், இடையில் திட்டுத்திட்டாக உதிரம் படலாம். பெரும்பாலோருக்குப் பிறகு குறைந்துவிடும். கடும் அடிவயிற்று வலி, காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், நாள் தள்ளிப்போதல், நூல் தட்டுப்படாமல் போதல் என்றால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பால்வினை நோய்களை இது தடுக்காது, அதற்கு ஆணுறைதான். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். எடுத்ததும் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும்.

பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடுவதில் இன்னொன்றும் உண்டு. மற்ற நேரங்களில் போடுவதைவிட இதில் கருவி நழுவி வெளியேறும் வாய்ப்பு அதிகம். ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வரச் சொல்வது அதற்காகத்தான். உள்ளே கருவி இருப்பதே தெரியாதவள் எதைப் பரிசோதிக்கப் போவாள்? நழுவி விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது. உதிரம் கொட்டினாலும் காரணம் தெரியாது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. அந்த உடம்போடு வெயிலில் கூலிக்குப் போகிறவளுக்கு மாதம் மூன்று நாள் அதிகப்படியான உதிரப்போக்கு சின்ன விஷயம் இல்லை.

ஏன் சொல்வதில்லை? 1965இல் லூப் வந்த காலம் முதல் பெண்ணின் உடல் இங்கே மக்கள்தொகைக் கணக்கின் ஒரு வரி. 1996இல் ஒன்றிய அரசு இலக்கு முறையைக் கைவிட்டதாக அறிவித்தது. ஆனாலும் பிரசவத்தோடு போடும் ஒவ்வொரு காப்பர்-டிக்கும் பணியாளருக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் முறை பின்னர் வந்தது. கருத்தடை அறுவை தொடர்பான தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016இல், இலக்கு வைக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. எண்ணிக்கை அழுத்தம் ஒரு பக்கம் என்றால், சாதி மறுபக்கம். காசு கொடுத்துச் சேர்பவருக்கு, படித்தவர் என்று தெரிபவருக்கு, விளக்கம் தானாக வருகிறது. காலனியிலிருந்து வருபவளிடம் மட்டும் "இவளுக்குச் சொன்னால் புரியவா போகிறது" என்ற எண்ணம் முந்திக்கொள்கிறது. யாருக்கு விளக்கம் சொல்ல வேண்டும், யாருக்கு உத்தரவு போட்டால் போதும் என்று பிரிப்பதுதானே சாதி? பிரசவ வார்டிலும் அது அந்த வேலையைத்தான் செய்கிறது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்சநீதிமன்றம், ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதலை வேறொன்றுக்கு நீட்டிக்க முடியாது என்றது. உயிருக்கு ஆபத்து என்றால்தான் விலக்கு. வலியில் துடிக்கும்போது நீட்டிய தாளில் வாங்கிய கையெழுத்து ஒப்புதல் ஆகாது. கணவனோ மாமியாரோ தலையாட்டியதும் ஒப்புதல் ஆகாது.

நாட்டின் நலனுக்காகவும் குடும்பச் சொத்துக்காகவும் கர்ப்பத்தடை பேசியவர்களிடமிருந்து பெரியார் விலகி நின்றார். பெண் விடுதலை பெறுவதற்காகவே அது வேண்டும் என்று குடி அரசில் எழுதினார். அந்த அளவுகோலில் பார்த்தால், கேட்காமல் போட்டதும் அடிமைத்தனம். கேட்டும் எடுக்க மறுப்பதும் அடிமைத்தனம். இதில் ஆண்களுக்கும் கேள்வி உண்டு. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

எனவே கோரிக்கைகள் எளியவை. கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே, வலி வருவதற்கு முன்பே, எல்லா முறைகளையும் தமிழில் விளக்க வேண்டும். காப்பர்-டிக்குத் தனி ஒப்புதல் வாங்க வேண்டும். போட்ட தேதி, வகை, எடுக்க வேண்டிய ஆண்டு ஆகியவற்றை எழுதிய அட்டை கையில் தர வேண்டும். எடுக்கச் சொன்னால் காரணம் கேட்டு அலைக்கழிக்காமல் எடுக்க வேண்டும்.

என் தங்கை மூன்று முறை நடந்தபிறகுதான் எடுத்தார்கள். மூன்று நாள் கூலி போனது. அடுத்த முறை உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பெண் பிரசவத்துக்குப் போகும்போது உடன் போங்கள். "என்ன போடப் போறீங்க, அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்று கேளுங்கள்.